இல்லம் வளர்த்த புரவி

யானையைப் பாடியது போலவே குதிரையையும் மனமாரப் பாடியவர்கள் தமிழ்ப் புலவர்கள். களத்தில் பாய்ந்த குதிரை, தேரிற் பூட்டிய குதிரை, பரிசிலாகக் கைமாறிய குதிரை, மரக்கலத்திலிருந்து இறங்கிய குதிரை எனப் பல்வகைப் புரவிகள் நம் பழம்பாடல்களில் அணிவகுத்து நிற்கின்றன. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. அக்குதிரைக்குத் தீனி வைத்தவர் யார்? அது கன்று ஈன்ற இரவில் கண்விழித்திருந்தவர் யார்? அக்கன்றைக் காலூன்ற வைத்து, பால் மறக்கச் செய்து, கடிவாளம் பழக்கியவர் யார்? இவ்வினாவோடு நம் இலக்கியத்தை மீண்டும் ஒருமுறை வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தனுவச்சபுரம், பாறசாலை, நெய்யாற்றின்கரை முதலிய எல்லையூர்களிற் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தாராகிய நமக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம் முற்றங்களிலே பசு உண்டு, ஆடு உண்டு, கோழி உண்டு, குதிரை இல்லை. எனினும் குதிரையின் கதை, பிறிதொரு மண்ணிலிருந்து வந்த ஓருயிரை வீட்டில் வைத்து வளர்ப்பது எப்படி என்னும் கதையாகும். அவ்வாறு பார்த்தால் அது நமக்கு நெருங்கிய கதையே.

இலக்கணம் அறிந்த கன்று

குதிரையின் குடும்பத்தைத் தொல்காப்பியர் நன்கறிவார். மரபியலில் இளமைப் பெயர்களை வகுக்குமிடத்து யானை, குதிரை, கழுதை, கடமை, பசு ஆகிய ஐந்தின் குட்டிகளையும் ‘கன்று’ என்று வழங்கலாம் என்கிறார். பெண் குதிரைக்குப் ‘பெட்டை’ என்னும் பெயரைத் தருகிறார். ஆண் குதிரையைச் ‘சேவல்’ என்று சொல்லும் வழக்கையும் விலக்கற்க என்கிறார். இன்று நாம் பேச்சில் ‘குதிரைக்குட்டி’ என்கிறோம். நம் அண்டை வீட்டு மலையாளிகளும் ‘குட்டி’ என்றே சொல்கின்றனர். பழைய இலக்கணமோ பசுவின் கன்றோடு ஒரே வரிசையில் நிறுத்திக் கன்று என்றது. தொழுவத்திலே ஒன்றாகக் கட்டி வளர்த்தவர் வாயிலிருந்து பிறந்திருக்கத்தக்க சொல் அது.

இலக்கணம் இடம் தந்த அக்கன்றை இலக்கியத்திலே தேடினால் வியப்பே மிஞ்சுகிறது. பசுவின் கன்று மாலை நேரத்தில் தாயை அழைக்கிறது. யானைக் கன்று பிடியின் காலிடையே நிற்கிறது. மான் மறியும் மந்தியின் குட்டியும் பாட்டுக்குப் பாட்டு வருகின்றன. குதிரைக் கன்று மட்டும் கண்ணில் தட்டுப்படுவதே அரிது. நம் கவிதையிற் குதிரை பெரும்பாலும் வளர்ந்த நிலையிலேதான் வந்து நிற்கிறது.

கடல்வழி வந்த செல்வம்

காரணம் தேடி வெகுதொலைவு போக வேண்டியதில்லை. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களின் வளத்தைச் சொல்லும் பட்டினப்பாலை, கடல்வழி வந்த குதிரைகளையே முதலில் எண்ணுகிறது. பெரும்பாணாற்றுப்படையிலும் துறைமுகத்து நாவாய்கள் வெண்ணிறப் பிடரியுடைய குதிரைகளைக் கொண்டுவருகின்றன. பிற்காலத்திலும் இதே நிலைதான். மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. நாம் இன்று வாழும் இந்த மேற்குக் கரையும் அவ்வணிகத்தில் பங்கு கொண்டது என்பதற்கு அப்பெயரே சான்று.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ சொல்லும் செய்தி மனத்தை உறுத்துவது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வாங்கப்பட்டன. பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமையால் அவற்றுட் பெரும்பாலானவை மடிந்தன. சோற்றோடு வெந்த இறைச்சியைக் கூடத் தீனியாக வைத்தனர் என்று அவர் எழுதுகிறார். நல்ல பொலிகுதிரையையும் நல்ல பெட்டையையும் சேர்த்தாலும் இம்மண்ணிலே கால் கோணிய சவலைக் கன்றே பிறக்கும் என்றும் ஒரு தீர்ப்பு வழங்கிவிடுகிறார். அவர் காலத்தை ஒட்டி எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வசாப், கீசுத் தீவின் வணிகத் தலைவர் சமாலுத்தீன் ஆண்டுக்கு 1400 குதிரைகளை அனுப்ப ஏற்பாடு செய்திருந்ததையும், ஒரு குதிரைக்கு 220 தினார் விலை பேசப்பட்டதையும் குறிக்கிறார். வந்திறங்கிய குதிரைகளுக்குப் பச்சை வாற்கோதுமைக்கு மாறாக வறுத்த தானியத்தையும், நெய்யிற் சமைத்த உணவையும், காய்ச்சிய பசும்பாலையும் தந்தனர் என்பதும் அவர் சொல்வதே. இந்த நெய்யுணவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். சற்றுப் பின்னர் அது நமக்குத் தேவைப்படும்.

ஆக, அரசர்கள் பொன்னைக் கொட்டிக் குதிரையை வாங்கினர்; குதிரை வளர்க்கும் அறிவை வாங்க மறந்தனர். திருவிளையாடற் புராணத்தின் நரி பரியாக்கிய படலத்தை இப்பின்னணியிற் படித்தால் புதிய பொருள் தோன்றுகிறது. வாதவூரர் குதிரை வாங்கக் கொண்டுபோன பொன் கோயிலாகிவிட்டது. இறைவனே குதிரை வணிகனாக வந்து பரிகளை ஒப்படைக்கிறான். இரவில் அவை நரிகளாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறுகின்றன. பக்திச் சுவையால் இப்பகுதியைப் போற்றுவது மரபு. அதனைச் சிறிதும் குறைக்காமலே மற்றொன்றையும் சொல்லலாம். விலை கொடுத்துக் கயிறு மாற்றி வாங்கிய செல்வம் விடியுமுன் வேறொன்றாகிவிடுமோ என்று ஒரு நாடே அஞ்சிய அச்சம் இக்கதையின் அடியில் கிடக்கிறது.

மறைந்து வாழ்ந்த வாதுவர்

குதிரை பேணுபவரை ‘வாதுவர்’ என்றது பழந்தமிழ். இவ்வாதுவர்க்கு நம் காப்பியங்கள் தந்த இடம் யாது? நளவெண்பாவில் நளன் குதிரை நூலில் வல்லவன். எனினும் அரசு இழந்து, உருவம் திரிந்து, வாகுவன் என்று பெயர் மறைத்த பின்னரே அவ்வித்தை அவனுக்குத் தொழிலாகிறது. பாரதத்தில் நகுலன் விராடனின் லாயத்தைக் காப்பதும் தலைமறைவு வாழ்ந்த ஓராண்டிலேதான். மறைவு நீங்கியதும் இருவரும் லாயத்தை விட்டு அரியணைப் பக்கம் போய்விடுகின்றனர். குதிரை மேல் இருப்பது பெருமை. குதிரையின் பக்கத்தில் இருப்பது வேடம். இதுவே காப்பிய உலகின் மதிப்பீடு. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரம் ஒன்றைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூல்நிலையம் 1952இல் அச்சிட்டு வெளியிட்டது. வேடத்தில் செய்த தொழிலே அவன் பெயரை நூலாக நிறுத்தியது என்பது காலம் செய்த நல்ல திருத்தம்.

காப்பியத்தின் இப்பார்வை உரைநடைக்கும் இறங்கியது. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கல்கியின் பொன்னியின் செல்வன், ஆடிப் பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையிற் குதிரை மேல் வரும் வாலிபனோடு தொடங்குகிறது. தமிழ் வாசகர் மூன்று தலைமுறையாக அக்குதிரையில் ஏறிச் சோழநாட்டைச் சுற்றியிருக்கிறோம். ஆனால் ஏறியவன் கண்ணாலேதான் நாட்டைப் பார்த்தோம். குதிரைக்குக் கொள்ளு வைப்பவன் கண்ணாற் பார்த்தோமில்லை.

சங்கப் பாடல்கள் இவ்வகையிற் காப்பியங்களினும் கனிவுடையன. முல்லைப்பாட்டில் பாசறையில் உறக்கமின்றிக் கிடக்கும் அரசன், அம்பு தைத்தமையாற் செவி சாய்த்துத் தீனி தொடாமல் வருந்தும் குதிரைகளை நினைக்கிறான். குதிரை வளர்த்தவர் எவரையும் கேட்டுப் பாருங்கள். நோயை முதலிற் காட்டுவன செவியும் தீனித்தொட்டியும் என்பர். நப்பூதனார் இவ்விரண்டையுமே கண்டிருக்கிறார். நெடுநல்வாடையில் நள்ளிரவிற் புண்பட்ட வீரரைக் காண வரும் அரசனுக்கருகே, சேணம் களையாத குதிரைகள் சேற்றுத் தெருவில் நின்று மழைத்துளியை உதறுகின்றன. நக்கீரர் அவ்வொரு உதறலிலே வாடைக் குளிர் முழுவதையும் நமக்கு உணர்த்திவிடுகிறார்.

பொன்முடியாரின் மூன்று பாடல்கள்

இனி நம் கட்டுரையின் நடுப்பகுதிக்கு வருவோம். 1894இல் டாக்டர் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றிலே பொன்முடியார் பாடியனவாக மூன்று பாடல்கள் உள்ளன: 299, 310, 312. இவரைப் பெண்பாற் புலவராகவே பெரும்பாலோர் கொள்வர். மூன்றும் தனித்தனியே புகழ் பெற்றவை. மூன்றையும் ஒருசேர வைத்துப் படித்தால் அவற்றை இணைக்கும் சரடு புலனாகிறது. ஊட்டி வளர்த்தல் என்பதே அச்சரடு.

299ஆம் பாடல் ‘குதிரை மறம்’ என்னும் துறையைச் சார்ந்தது. பருத்திச் செடியே வேலியாகிய சிற்றூர். அதன் தலைவனிடம் ஒரு குதிரை உண்டு. அதற்கு வாய்த்த தீனி உழுந்தின் சக்கை. நடையோ ஓய்ந்த நடை. கண்டவர் எள்ளத்தக்க தோற்றம். போர் வந்தபோது அக்குதிரை, கடலைக் கிழிக்கும் தோணியைப் போலப் பகைப்படையைப் பிளந்து சென்றது. எதிரே மருதநில வேந்தரின் குதிரைகள் உள்ளன. அவை நெய் பெய்து மிதித்த கவளம் உண்டவை. பிடரி மயிரை அழகுறக் கத்தரித்துக்கொண்டவை. அவை ஒதுங்கி, ஒடுங்கி நின்றன.

வசாப் குறித்த நெய்யுணவை ஈண்டு நினைவுகூர்க. பொன்முடியார்க்கும் வசாப்புக்கும் இடையே நெடிய பல நூற்றாண்டுகள். ஆயினும் அரண்மனை லாயத்தின் அட்டில் மாறவேயில்லை! குதிரையின் இரைப்பை உடலைநோக்கச் சிறிது. அதன் குடல் நாருணவுக்கென்றே அமைந்தது. சிறிது சிறிதாக நாள் முழுதும் மேய்வது அதன் இயல்பு. தின்றதைக் கக்கவும் அதற்கு இயலாது. மிகைத் தானியம் வயிற்று நோயையும் குளம்பு அழற்சியையும் தரும் என்பது இன்றைய கால்நடை மருத்துவரின் பாடம். ஆகவே சிற்றூர்த் தலைவனின் வறுமை குதிரைக்கு வாய்த்த மருந்தாயிற்று. பொன்முடியார் மருத்துவம் பேசவில்லை. ஆனால் தீனித்தொட்டியைப் பார்த்துவிட்டுப் போர்க்களத்தைப் பாடியிருக்கிறார்.

இப்பாடலை முழுதும் புகழ்ந்துவிட்டுப் போவது திறனாய்வாகாது. ஒடுங்கி நின்ற அரண்மனைக் குதிரைகளுக்கு அவர் காட்டும் உவமை, கலம் தொடாது விலகியிருக்க வேண்டிய நாளில் முருகன் கோட்டத்தருகே அஞ்சி நிற்கும் மகளிர். மகளிரின் இயல்பான உடல்நிலையைக் கோழைமைக்கு உவமையாக்கியது இன்றைய வாசகரை நெருடும், நெருடவும் வேண்டும். ஆனால் அந்த உவமையும் வீட்டுக்குள்ளிருந்தே எழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பாத்திரத்தைத் தொடுவதும் தொடாமையும் என்ற அடுக்களை அனுபவத்தைக் கொண்டே ஒரு போர்க்களத்தை அளந்திருக்கிறார் புலவர்.

அடுத்து 310. பாலூட்ட முயன்றபோது குடிக்க மறுத்தவன். சினமின்றி ஓங்கிய சிறுகோலுக்கே அஞ்சியவன். அவன் இன்று களிறுகளை வீழ்த்தி, மார்பில் தைத்த அம்பையும் அறியேன் என்று சொல்லிக் கேடயத்தின்மேற் கிடக்கிறான். பார்த்து நிற்கும் தாய்க்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பால் கிண்ணம். மூன்றாவது 312. பெற்று வளர்த்துத் தருவது தாயின் கடன் என்று தொடங்கி, தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோர் கடன்களை எண்ணி, காளையின் கடனில் முடியும் புகழ்மிக்க பாட்டு. மேடைகளில் நாம் இதன் இறுதியையே முழங்குகிறோம். தொடக்கத்தில் நிற்பதோ வளர்ப்பு. குதிரைக்கு உழுந்துச் சக்கை, மகனுக்குப் பால், தாய்க்கு வளர்க்கும் கடன் என மூன்று பாட்டிலும் வீரம் பிறக்குமிடம் களமன்று. இல்லத்தின் தீனித்தொட்டியும் பாற்கிண்ணமுமே.

குடுமியும் உளையும்

310ஆம் பாடலில் வீழ்ந்து கிடக்கும் மகனின் குடுமிக்குக் குதிரையின் பிடரி மயிரே உவமை. ‘உளை’ என்பது அப்பிடரி மயிரின் பெயர். இதே சொல் எருமை வெளியனார் பாடிய 273ஆம் பாட்டிலும் வருகிறது. அதுவும் குதிரை மறமே. போர் முடிந்தது, எல்லார் குதிரைகளும் திரும்பிவிட்டன, தன் கணவன் ஏறிச்சென்ற குதிரை மட்டும் வரவில்லை. வாயிலில் நின்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அரற்றுகிறாள் மனைவி. கணவனை அவள் பெயரால் சுட்டவில்லை. மெல்லிய உளை போன்ற குடுமியுடைய புதல்வனை எமக்குத் தந்தவன் என்கிறாள். இரண்டு பேராறுகள் கூடுமிடத்தில் குறுக்கே நின்ற பெருமரம் போல அக்குதிரை சாய்ந்ததோ என்ற அச்சத்தோடு பாட்டு நிற்கிறது.

நாம் தேடிய குதிரைக் கன்று இங்கேதான் கிடைக்கிறது! லாயத்திற் காணாத கன்று வீட்டு முற்றத்தில் ஓடுகிறது. குழந்தையின் உச்சியில் அரும்பிய குடுமியைப் பார்த்துக் கன்றின் பிடரியை நினைக்க வேண்டுமானால், அக்கன்றை அணுகித் தடவிக் கொடுத்த கை ஒன்று இருந்திருக்க வேண்டும். பெட்டைக் குதிரை ஏறத்தாழ 11 மாதம் சுமக்கிறது. பெரும்பாலும் இரவிலேயே ஈனுகிறது. பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் கன்று தள்ளாடி எழுந்து முலை தேட வேண்டும். சீம்பால் உரிய வேளையிற் கிடைக்க வேண்டும். ஆறு மாதமளவிற் பால் மறக்கும். மூன்றாண்டேனும் முதிராமல் பாரம் ஏற்றலாகாது. இவ்வளவு பொறுமையை அறிந்த வீட்டிலேதான் கன்றும் குழந்தையும் ஒரே உவமைக்குள் அடங்கும். காரி என்னும் வள்ளலின் குதிரைக்கும் காரி என்றே பெயர். ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்று சிறுபாணாற்றுப்படை வழி அறிகிறோம். பெயரைப் பங்கிட்டுக்கொள்வது உறவினர்க்கிடையே நிகழ்வதன்றோ?

சுமந்த குதிரையும் ஈன்ற குதிரையும்

வளர்க்க முடியாதவற்றை மக்கள் வனைந்துகொள்கின்றனர். சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் வேளார் வனைந்த மண் குதிரைகளை ஐயனார்க்குச் சுமந்து செல்வது புரவி எடுப்பு. கேரளத்துச் செட்டிகுளங்கரை பரணி விழாவிலே வானளாவக் கட்டி இழுத்துவரும் அமைப்புக்கும் ‘குதிரை’ என்றே பெயர். உருவத்தில் அது குதிரையை ஒத்ததன்று. திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் எழுப்பிய மாளிகையின் கூரையடியில் 122 மரக் குதிரைகள் வரிசையாகத் தாங்கி நிற்கின்றன. அம்மாளிகையின் பெயரே குதிரை மாளிகை. மனிதனைச் சுமக்க வேண்டிய குதிரையை மனிதன் சுமக்கும் இக்கலைகள் அழகியவை, மறுப்பதற்கில்லை. எனினும் அவை கன்று ஈனா.

அவ்வாறாயின் மார்க்கோ போலோ சொன்னதுதான் மெய்யா? நம் மண்ணுக்குக் குதிரைக் கன்று ஒவ்வாதா? ஒவ்வும் என்பதற்கு இலங்கையின் நெடுந்தீவு சான்று. போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன குதிரைகளின் வழித்தோன்றல்கள் அத்தமிழ்த் தீவின் வெளிகளிலே இன்றும் கூட்டமாகத் திரிகின்றன. நெய்க்கவளமும் இல்லை, பொற்சேணமும் இல்லை. கோடையில் தண்ணீருக்குத் தவித்து மடிவனவும் உண்டு. எனினும் தலைமுறை தலைமுறையாக அங்கே கன்றுகள் பிறந்து எழுந்து நிற்கின்றன. தமிழகத்திலும் நம் முந்தைய தலைமுறை கண்ட ஜட்கா வண்டிக் குதிரைகள் எளிய வீடுகளின் ஓரத்தில் நின்று கொள்ளும் புல்லும் தின்று உழைத்தவையே. ஈரோட்டு மாவட்டத்து அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் விழாச் சந்தைக்கு இன்றும் குதிரைகள் வருகின்றன. குறை மண்ணிலன்று, வளர்ப்பில் இருந்தது.

நம் இல்லம்

1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு தமிழ்நாட்டோடும் நெய்யாற்றின்கரை கேரளத்தோடும் நின்றன. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் இரண்டு மொழிகளும் இரண்டு ஆறுகளைப் போலக் கலந்தோடும் இடத்திலே நாம் வாழ்கிறோம். நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் நன்கு கற்கின்றனர், கற்க வேண்டும். தமிழ் மட்டும் எங்கிருந்து வரும்? ஆண்டுக்கொரு முறை விழா மேடையில் நெய்க்கவளம் போல வழங்கிவிட்டால் அது பிடரி கத்தரித்த அழகோடு நிற்கும்; உரிய வேளையில் ஓடாது. அடுக்களையில், முற்றத்தில், இரவுக் கதையில், அன்றாடம் சிறிது சிறிதாக ஊட்டிய எளிய தமிழே தோணிபோல் அலை பிளந்து செல்லும்.

கொள்ளு என்றால் வாய் திறக்கும், கடிவாளம் என்றால் வாய் மூடும் என்று குதிரையை நம் பழமொழி கேலி செய்கிறது. பிள்ளைகளைக் குறைசொல்ல இப்பழமொழியை எடுப்போர், கடிவாளத்தை நீட்டுமுன் கொள்ளு வைத்தோமா என்று தம்மைக் கேட்டுக்கொள்வது நலம். பொன்முடியார் கடன்களை எண்ணிய வரிசையிலும் வளர்ப்பதே முதலில் நிற்கிறது.

புறநானூற்றின் 299, 310, 312, 273 ஆகிய நான்கு பாடல்களும் சேர்ந்து இரண்டு பக்கங்களுக்கு மேற் போகா. குடும்பத்தோடு அமர்ந்து ஒரு மாலையில் வாசித்துப் பொருள் பேசலாம். வாசிக்கும்போது மடியிலிருக்கும் குழந்தையின் தலையைத் தடவிப் பாருங்கள். நம் இலக்கியம் மறந்துபோனதாக நாம் எண்ணிய குதிரைக் கன்று அங்கே இருக்கிறது.